கொச்சை நீக்கி

2015ஆம் ஆண்டிலிருந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. முதல் விழா சென்னையில்தான் நடந்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் ஆரணி, சேவூர், காஞ்சிபுரம் தறிகளைப் பற்றி நாளிதழ்களில் ஒரு செய்தியாவது வந்துவிடுகிறது. அந்தச் செய்திகளைக் கத்தரித்துச் சேர்த்துவைப்பது என் பழக்கம். கவிதைக்கு ஏதாவது கிடைக்குமா என்று தொடங்கியது, இப்போது வகுப்புக்குப் பயன்படுகிறது. அவற்றின் கட்டமைப்பு பெரிதாக மாறுவதில்லை. முதல் பத்தியில் பாரம்பரியம். அடுத்து பட்டுநூல் விலை, விசைத்தறியின் போட்டி, அரசுக்குக் கோரிக்கை. பேசுகிறவர் ‘நெசவாளர் ஒருவர்’ அல்லது சங்க நிர்வாகி. இருவருமே அநேகமாக ஆண்கள். படத்தில் மட்டும் பெண் இருப்பாள். தறியில் உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். படத்தின் கீழே அவள் பெயர் இருக்காது.

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20இல் வெளிவந்தது. நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்கிறது அது. பத்துக்கு ஏழு பேர் பெண்களாக உள்ள ஒரு தொழிலைப் பற்றிய செய்தியில் ஒரு பெண்கூட வாய் திறக்கவில்லை என்றால் அதை நிருபரின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் கற்றுக்கொண்ட இலக்கணம் அப்படி. இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. உலகளாவிய ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 2020இல் எடுத்த கணக்கில், செய்திகளில் பேசப்படுகிறவர்களிலும் பேசுகிறவர்களிலும் பெண்கள் 25 சதவீதம்தான். 1995இல் அது 17 சதவீதமாக இருந்தது. கால் நூற்றாண்டில் எட்டே எட்டு.

இந்த நிலைக்குத் தீர்வாக எல்லோரும் சொல்வது பயிற்சி. பெண்களுக்கு இதழியல் பயிற்சி கொடுங்கள், அவர்கள் செய்தி அறைக்குள் வந்தால் செய்தி மாறும் என்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் எந்தப் பயிற்சி என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆகவே பயிற்சி என்பதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

தமிழில் அப்படி வாசிக்க உண்மையிலேயே ஒரு பிரதி இருக்கிறது. 1942இல் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் தம் செய்தியாளர்களுக்காக எழுதிய ‘இதழாளர் கையேடு’. மக்கள் பேசுகிற தமிழே உயிருள்ள தமிழ், அதன் கொச்சையை நீக்கிவிட்டு எழுதினால் போதும் என்பதுதான் அதன் சாரம். இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. வடமொழி கலந்த மேட்டிமைத் தமிழில் அடைந்துகிடந்த செய்தியைத் தேநீர்க் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் கொண்டுவந்தது இந்த ஒரு விதிதான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற உழைப்பாளி செய்தித்தாளுக்கு வாசகனானது இதனால்தான். தமிழ்த் துறைகளில் நாங்கள் கொண்டாடும் பல புதுமைகளைவிட இது பெரிய காரியம் என்பேன்.

ஆனால் ‘மக்கள்’ யார்? தேநீர்க் கடையில் யார் உட்கார முடியும்? சேவூரில் இன்றைக்கும் தேநீர்க் கடை விசுப்பலகையில் உட்கார்ந்து நாளிதழைப் பிரிக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. பேச்சுத் தமிழ் என்று அந்த விதி சொன்னபோது அதன் காதில் விழுந்தது கடைத்தெருவின் பேச்சு. அடுப்படியிலும் இராட்டையடியிலும் நடந்த பேச்சு விழவில்லை. அடுத்த சிக்கல் ‘கொச்சை’. எது கொச்சை என்று முடிவெடுப்பவர் யார்? சிவப்புப் பேனா வைத்திருப்பவர்.

இதை நான் வகுப்பறையில்தான் புரிந்துகொண்டேன். இளங்கலை மாணவியருக்கு இதழியல் ஒரு தாள். பலர் தறி வீட்டுப் பெண்கள். ‘உங்கள் தெருவைப் பற்றி ஒரு செய்தி எழுதுங்கள்’ என்றால் எல்லோரும் கைத்தறி நாள் செய்தியையே திருப்பி எழுதித் தருவார்கள். அதனால் முதலில் வீட்டில் பேசுகிறபடி எழுதச் சொன்னேன். ஒருத்தி எழுதினாள்: ‘அம்மா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து தார் சுத்தினாதான் அப்பா எட்டு மணிக்குத் தறியில எறங்க முடியும்.’ இதையே செய்தியாக மாற்றச் சொன்னபோது வந்தது: ‘நெசவாளர்கள் அதிகாலை முதலே பணியில் ஈடுபடுகின்றனர்.’

கொச்சை நீங்கிவிட்டது. கூடவே என்னென்ன நீங்கின என்று பாருங்கள். அம்மா போய்விட்டாள். நெசவாளர்கள் என்ற பன்மையில் அவளும் இருக்கிறாள் என்று வாதிடலாம், ஆனால் வாசிக்கிற யார் கண்ணுக்கும் அந்தப் பன்மை வேட்டி கட்டித்தான் தெரியும். தார் போய்விட்டது, ‘பணி’ வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமாக ‘சுத்தினாதான்’ போய்விட்டது. நிபந்தனை எச்சமும் தேற்ற இடைச்சொல்லும் சேர்ந்த அந்த ஒரு சொல்லில் ஒரு பொருளாதாரமே இருக்கிறது. அவள் சுற்றாவிட்டால் நாடாவில் போட நூல் இல்லை, ஊடை ஓடாது, அவர் தறிக்குழிக்குள் இறங்கிப் பயனில்லை. கூலியோ சேலைக்குக் கணக்கிடப்படுகிறது. வீட்டுக்குள் சுற்றுகிற தாருக்கும், பாவு பிணைக்கும்போது மணிக்கணக்கில் இழை எடுத்துக் கொடுப்பதற்கும் தனியாக எதுவும் கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பெயர் பெரும்பாலும் வீட்டு ஆணுடையது. இவ்வளவும் அந்த மாணவியின் வீட்டுத் தமிழில் இருந்தது, செய்தித் தமிழில் இல்லை. அம்மா வேலைக்குப் போகிறாரா என்று இதே பெண்ணிடம் கேட்டிருந்தால் ‘இல்ல மேடம், வீட்லதான் இருக்காங்க’ என்றுதான் சொல்லியிருப்பாள். நாளிதழிலிருந்து கற்றுக்கொண்ட பார்வை அது.

கொச்சையை இத்தனை கவனமாக நீக்கும் இதே செய்தித் தமிழ்தான் ‘கள்ளக்காதல்’ என்ற சொல்லைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் போடுகிறது. மனைவி கொல்லப்பட்டால் அது ‘குடும்பத் தகராறு’. ‘கற்பழிப்பு’ என்ற சொல் ‘பாலியல் வன்கொடுமை’யாக மாறுவதற்கு எத்தனை ஆண்டுகள் எழுதிப் போராட வேண்டியிருந்தது! கொலையுண்ட பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்கும் சொல் கொச்சையாகப் படாதவர்களுக்குத் ‘தார் சுத்தினாதான்’ கொச்சையாகப் படுகிறது.

மொழியைச் சொன்னால் போதாது, வயிற்றுப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஆரணி மாதிரி ஊர்களில் நாளிதழ் என்றால் தாலுகா நிருபர்தான். பெரும்பாலும் பகுதி நேரம். வெளியான செய்திக்கு இவ்வளவு என்றோ மாதத்துக்கு ஒரு சிறு தொகை என்றோ கிடைக்கும். மீதி வருமானம் விளம்பரக் கமிஷன். தீபாவளி மலருக்கும் தலைவர்களின் பிறந்தநாளுக்கும் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். ஆரணியில் விளம்பரம் தரக்கூடியவர்கள் யார்? பட்டு மாளிகைக்காரர்கள். கூலியைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடமே விளம்பரமும் கேட்க வேண்டும். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை பயிலரங்கம் நடத்தினாலும் கூலியைப் பற்றிய செய்தி வரப்போவதில்லை. என்னிடம் படித்த ஒருத்தி ஆசைப்பட்டு இந்த வேலைக்குப் போனாள். ஏழாவது மாதம் விட்டுவிட்டாள். இரவில் காவல் நிலையம் போகப் பயந்து விட்டதாக அவள் வீட்டார் சொல்கிறார்கள். அவள் சொன்னது வேறு: ‘கடை கடையா ஏறி விளம்பரம் கேக்கறதுக்குப் பொடவை விக்கவே போயிருக்கலாம் மேடம்.’

2025இல் தமிழ்நாடு அரசு சென்னையில் இதழியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பட்டயப் படிப்பு. சென்னையில் தரமான இதழியல் படிப்பு என்றாலே ஆங்கிலம் என்றிருந்த நிலையில் இது வரவேற்க வேண்டியது. தமிழ்வழி படித்த என் மாணவி விண்ணப்பிக்கலாம் என்பதே பெரிது. ஆனால் தமிழில் என்றால் எந்தத் தமிழில் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. படித்து முடித்தவள் ஆரணிக்குத் திரும்பினால் அவளுக்குக் காத்திருப்பது அதே கமிஷன் வேலைதானே என்றும் கேட்கலாம். மேலே யார் இருக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பார்க்கப்பட்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. கீழே பயிற்சி கொடுத்துக்கொண்டே போகலாம், திருத்துகிற கை மேலே மாறாமல் இருக்கும்.

பயிற்சி வேறு மாதிரி நடந்த இடம் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் சித்திரகூட மாவட்டத்துக் கர்வி. 1990களில் மகிளா சமாக்யா திட்டத்தில் எழுதப் படிக்கக் கற்ற கிராமத்துப் பெண்களிடையே ‘மகிளா டாகியா’ என்றொரு சிறு தாள் ஓடியது. அந்த அனுபவத்தின் மேல், நிரந்தர் என்ற டெல்லி அமைப்பின் துணையோடு, 2002இல் ‘கபர் லஹரியா’ தொடங்கியது. முன்னின்றவர்கள் தலித் பெண்கள். இந்தி தெரிந்தும் புந்தேலியில் எழுதினார்கள். அதாவது யாருடைய அளவுகோலில் அது கொச்சையோ அதையே அச்சில் ஏற்றினார்கள். செய்தி சேகரித்தவர்களும், கூடி உட்கார்ந்து எது முதல் பக்கம் என்று சண்டை போட்டவர்களும், அச்சான தாளைச் சந்தையிலும் பேருந்திலும் விற்றவர்களும் அந்தப் பெண்களே. 2004இல் சமேலி தேவி ஜெயின் விருது, 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு. பின்னாளில் தாள் நின்று முழுக்க இணையத்துக்கு மாறினார்கள்.

நமக்கும் அப்படியொரு வாய்ப்பு இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் வரும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பெண்கள் கையில் எழுத்தைக் கொடுத்தது. புதுக்கோட்டையில் சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தக் கைகள் நடத்தும் செய்தித்தாள் ஒன்று ஏன் இங்கே நிலைபெறவில்லை? கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும், அடுத்து சுயஉதவிக் குழுக் கணக்கு எழுதட்டும் என்று நாம் நிறுத்திக்கொண்டோமோ? அவ்வளவுக்கும் முன்மாதிரி இல்லாத ஊரல்ல இது. பள்ளிக்கூடம் போகாத வை.மு. கோதைநாயகி தம் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்தவர். 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்றுக்கொண்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பத்திரிகை அவருடையதாக இருந்தது, அவ்வளவுதான். மேல்சாதிக் குடும்பப் பின்புலமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

கபர் லஹரியா பெண்களைப் பற்றி ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இயக்கிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ 2021இல் வந்தது. சன்டான்ஸ் விழாவில் விருதுகள் வாங்கி, 2022இல் ஆஸ்கரின் ஆவணப்படப் பிரிவில் இறுதிப் பட்டியல் வரை போயிற்று. நான் இரண்டு முறை பார்த்தேன். மாணவியருக்கும் போட்டுக் காட்டினேன். வகுப்பே சொக்கிப்போன காட்சி, மீரா தேவி தன் தோழியருக்குக் கைப்பேசியில் படம்பிடிக்கக் கற்றுத்தரும் காட்சிதான். தொடவே பயப்படும் ஷ்யாம்கலி, மெல்ல மெல்ல அதைக் கையில் பிடித்து ஊருக்குள் நடக்கிறார். சுரங்கப் பகுதியில் ஆண்கள் சூழ்ந்து நிற்க சுனிதா கேள்வி கேட்கிறார். பயிற்சி என்றால் என்ன என்பதை இவ்வளவு அழகாகக் காட்டிய படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு, தன்னுடைய மொழியில், அவசரமில்லாமல்.

ஆனால் ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள் முன்னால் கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் நெகிழ வைக்கிறது என்று ஒப்புக்கொண்ட அவர்கள், ஒரே கட்சியைத் துரத்தித் துரத்திச் செய்தி எடுக்கும் அமைப்பாகத் தங்களை அது காட்டுவது சரியல்ல என்றார்கள். எல்லாக் கட்சிகளையும் கேள்வி கேட்கும் உள்ளூர்ப் பத்திரிகை நாங்கள், பகுதியைச் சொல்லி முழுமையைத் திரித்துவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். இயக்குநர்கள் தங்கள் படத்தின் பக்கமே நின்றார்கள். பல ஆண்டுகள் கூடவே இருந்து எடுத்தவர்கள், அவர்களுக்கும் தங்கள் பார்வைக்கு உரிமை உண்டு. ஆயினும் இந்தப் பிணக்கில் நான் கபர் லஹரியாவின் பக்கம். படம் உலகத்துக்குப் போய்விடும். நாளைக்கு மீண்டும் அதே பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் குறிப்பேட்டோடு போய் நிற்க வேண்டியவர்கள் அந்தப் பெண்கள். அங்கே அவர்களுக்கு இருக்கும் ஒரே கவசம், எல்லோரையும் ஒரே மாதிரி கேட்பவர்கள் என்ற பெயர். 2015இல் பெயர் தெரியாத ஒருவன் மாதக்கணக்கில் தொலைபேசியில் அவர்களைத் தொல்லைப்படுத்தியபோது காவல்துறை எவ்வளவு மெதுவாக அசைந்தது என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் உறைத்தது ஒன்றுதான். இருபது ஆண்டுகள் தங்கள் தாளைத் தாங்களே திருத்திய பெண்கள், தங்களைப் பற்றிய படத்தில் திருத்தப்பட்டவர்களாக ஆனார்கள். அறிக்கையை வெளியிட முடிந்ததுகூட அவர்கள் கையில் சொந்தமாக ஒரு பத்திரிகை இருந்ததால்தான். சேவூர்ப் படத்தில் தார் சுற்றும் பெண்ணுக்கு மறுப்பு எழுத எந்தத் தாள் இருக்கிறது?

வானொலி இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கத்தில் 2008 முதல் சங்கம் ரேடியோவை நடத்துகிறவர்கள் தலித் பெண்கள். விதை, உணவு, பாட்டு, சடங்கு எல்லாம் அவர்கள் பேச்சிலேயே ஒலிக்கும். செய்தி மட்டும் ஒலிக்காது. 2006ஆம் ஆண்டின் சமுதாய வானொலி விதிகள் செய்தியையும் நடப்பு விவகாரத்தையும் ஒலிபரப்பத் தடை விதித்தன. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாட்டில்தான். ஆடு வளர்ப்பைப் பற்றிப் பேசலாம், ஆட்டுக் கடன் யாருக்குப் போனது என்று கேட்கக் கூடாது.

இந்த இடத்தில் சோமாலியாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கவிதையை வாய்மொழியாகவே நூற்றாண்டுகள் காப்பாற்றிய சமூகம் அது. சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்துமுறை வந்ததே 1972இல்தான். செய்தியாளர்கள் கொல்லப்படுவது அங்கே அரிதல்ல. அந்த நாட்டின் தலைநகர் மொகடிஷுவில் 2022இல் பெண்கள் மட்டுமே நடத்தும் ‘பிலான்’ என்ற செய்தி நிறுவனம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கியது. செய்தியாளர் பயிற்சிக்காக அந்த நாட்டுக்குள் வெளிநாட்டுப் பணம் பல ஆண்டுகளாக வந்தபடிதான் இருந்தது. பிலான் வேறுபடுவது எங்கே என்றால், எதை எழுதுவது என்று முடிவெடுக்கும் ஆசிரியர் பொறுப்பும் பெண்களிடம் இருக்கிறது. உதவி நின்றால் என்னவாகும் என்ற கவலை நியாயமானது. நிரந்தரை விட்டுத் தனியே நடக்கக் கபர் லஹரியாவுக்கும் பல ஆண்டுகள் பிடித்தன.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 ஏப்ரலில் நடிகர் எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை முகநூலில் பகிர்ந்தார். ஒரு மாதச் சிறை என்று சென்னை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 பிப்ரவரியில். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். எந்தப் பயிற்சித் திட்டத்திலும் இந்த ஆறு ஆண்டுகளுக்குப் பாடவேளை இருக்காது.

போன பருவத்தில் மாணவியர் சேர்ந்து ஒரு சுவர்த் தாள் தயாரித்தார்கள். ஆசிரியர் குழுவும் அவர்களே, நான் திருத்தவில்லை. கை துறுதுறுத்தது, எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொண்டேன். ‘தார் சுத்தினாதான்’ என்பதே முதல் செய்தியின் தலைப்பு. அம்மாவின் பெயரைப் போட வேண்டும் என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள், அவரிடம் கேட்கும் வரை. ‘சங்கத்துல உங்க அப்பா பேருதான் கீது. என் பேரு வந்தா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. பேரு போடாதீங்க, நான் சொன்னத மாத்தாதீங்க’ என்றாராம். பெயர் வேண்டும், வேண்டாம் என்று ஒரு பாடவேளை முழுக்க விவாதம் நடந்தது. நாளிதழும் பெயர் போடவில்லை, நாமும் போடவில்லை என்றால் என்ன வித்தியாசம் என்றாள் ஒருத்தி. அவங்கள கேட்டோமே என்றாள் இன்னொருத்தி. கடைசியில் பெயர் இல்லாமல், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே போட்டார்கள்.

இரண்டு வாரம் துறை வாசலில் இருந்தது. பிறகு அதன் மேல் தேர்வு அட்டவணை ஒட்டப்பட்டுவிட்டது. அடுத்த தாளுக்குக் கூலிக் கணக்கு எழுத வேண்டும் என்று மூன்று பேர் வீடு வீடாக நோட்டுப் புத்தகத்தோடு போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு சேலைக்கு எத்தனை தார், அதைச் சுற்ற எத்தனை மணி நேரம் என்று கேட்டால் எந்த வீட்டிலும் உடனே பதில் வருவதில்லையாம். இதுவரை யாரும் கேட்டதில்லை.